தேர்தலில் நின்றவர் நீதிபதியாகலாமா? டெட்ராய்ட் மேயர் ஃபிராங்க் மர்ஃபியின் பாதை

அமெரிக்காவிலிருந்து வரும் செய்திகளில் இப்போது அடிக்கடி அடிபடும் சொல் 'ஃபெடரல் நீதிபதி'. அதிபரின் உத்தரவுக்கு ஃபெடரல் நீதிபதி தடை விதித்தார் என்று ஒரு நாள் படிக்கிறோம். மேல் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது என்று மறுநாள். செய்தியின் கடைசிப் பத்தியில் இவர் எந்த அதிபரால் நியமிக்கப்பட்டவர், அதற்கு முன் எந்தக் கட்சியில், எந்தப் பதவியில் இருந்தார் என்ற விவரம் வரும். நம் வாசகர் புருவம் உயர்த்துவது அங்கேதான். வீதி வீதியாக ஓட்டுக் கேட்டவர் எப்படி நீதிபதி ஆசனத்தில் உட்கார்ந்தார்?

நமக்கு இது உறுத்துவதில் வியப்பில்லை. கட்சிப் பின்னணி கொண்ட ஒரு வழக்கறிஞர் 2023இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டபோது, எதிர்ப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆனால் நம்மிடமே பழைய முன்னுதாரணம் உண்டு. 1952இல் சென்னை சட்டமன்ற உறுப்பினர், 1957இல் கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் அமைச்சர், 1973இல் உச்ச நீதிமன்ற நீதிபதி: வி.ஆர். கிருஷ்ணய்யர். இங்கே விதிவிலக்காக நிற்கும் அந்தப் பாதை அமெரிக்காவில் நெடுங்காலமாக வழக்கமான பாதைகளுள் ஒன்று. அந்தப் பாதையில் போனவர்களில் ஃபிராங்க் மர்ஃபியைப் போல இத்தனை படிகளில் கால் வைத்தவர் அரிது. நகரக் குற்றவியல் நீதிபதி, மேயர், காலனி ஒன்றின் தலைமை ஆளுநர், மாநில ஆளுநர், நாட்டின் நீதித் துறைக்குத் தலைவரான அட்டர்னி ஜெனரல், கடைசியில் உச்ச நீதிமன்ற நீதிபதி என்று அத்தனையும் 59 வயதுக்குள். கேள்வியை ஆராய அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

முதலில் அடிப்படை: ஃபெடரல் நீதிபதி என்பவர் யார்?

1. அமெரிக்காவில் இரண்டு நீதிமன்ற அமைப்புகள் ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களில் இயங்குகின்றன. கொலை, திருட்டு, விவாகரத்து, வாடகைத் தகராறு போன்ற அன்றாட வழக்குகள் பெரும்பாலும் மாநில நீதிமன்றத்துக்குப் போகும். அரசியலமைப்பு, நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், வெவ்வேறு மாநிலத்தவருக்கு இடையிலான பெரிய வழக்கு ஆகியவை ஃபெடரல் நீதிமன்றத்துக்கு வரும். நம்மூரில் முன்சீப் நீதிமன்றத்திலிருந்து டெல்லி வரை ஒரே ஏணிதான் என்பதால் இந்த இரட்டை ஏற்பாடு புரியச் சற்று நேரம் பிடிக்கும்.

2. மாநில நீதிபதிகள் பல மாநிலங்களில் தேர்தலில் நின்று வருகிறவர்கள். ஃபெடரல் நீதிபதியை அதிபர் முன்மொழிய, நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் வாக்கெடுத்து ஒப்புதல் தரவேண்டும். கொலீஜியம் போன்ற நீதிபதிகளின் குழு எதுவும் நடுவில் இல்லை. ஆகவே நியமனம் என்பது வெளிப்படையாகவே அரசியல் செயல். யாரும் அதை மறைப்பதில்லை.

3. நியமனம் ஆனபின் நிலைமை தலைகீழ். 'நன்னடத்தை உள்ளவரை' பதவி என்கிறது அரசியலமைப்பு. நடைமுறையில் அது ஆயுள் பதவி. ஓய்வு வயது கிடையாது, சம்பளத்தைக் குறைக்க முடியாது. கீழவை குற்றம்சாட்டி, செனட் குற்றவாளி என்று தீர்த்தால் மட்டுமே பதவி போகும். நியமித்தவரின் தயவு மறுநாளிலிருந்து தேவையில்லை.

4. அடுக்குகள் மூன்று: 94 மாவட்ட நீதிமன்றங்கள், 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், ஒன்பது பேர் கொண்ட உச்ச நீதிமன்றம்.

5. தகுதி? அரசியலமைப்பு ஒன்றுமே சொல்லவில்லை. சட்டப் பட்டம் வேண்டும் என்றுகூட அதில் எழுதியிருக்கவில்லை.

மேயர் என்ற சொல்லும் நம்மை ஏமாற்றும். சென்னையில் மேயர் மாமன்றத்துக்குத் தலைமை தாங்குகிறார். கோப்பில் கையெழுத்திட்டு வேலை நடத்துபவர் அரசு அனுப்பும் ஆணையர். டெட்ராய்ட் போன்ற நகரத்தில் அந்த இரண்டு வேலையும் மேயருடையது. காவல் துறைத் தலைவரை நியமிப்பவர் அவர். வரவுசெலவைக் கட்டிக் காப்பவர் அவர். இலவச ரொட்டிக்கு நிற்கும் வரிசையில் ஆள் மயங்கி விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

ஹார்பர் பீச் பையன்

மிச்சிகன் மாநிலத்தில் ஹியூரான் ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்று. அன்று அதன் பெயர் சாண்ட் பீச், பின்னால் ஹார்பர் பீச். 1890 ஏப்ரல் 13 அன்று ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தில் மர்ஃபி பிறந்தார். தந்தை வழக்கறிஞர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1914இல் சட்டப் பட்டம், முதல் உலகப் போரில் ராணுவ அதிகாரி, திரும்பி வந்ததும் டெட்ராய்ட்டில் உதவி அரசு வழக்கறிஞர். 1920இல் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். 1923இல் வேறொரு தேர்தலில் வென்றார். அது ரெக்கார்டர் நீதிமன்றம் எனப்பட்ட டெட்ராய்ட் நகரக் குற்றவியல் நீதிமன்றத்தின் நீதிபதிப் பதவி. இது ஃபெடரல் பதவி அல்ல என்பதைக் குறித்துக்கொள்ளலாம்; மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் நகரப் பதவி. அடுத்த தேர்தல் எப்போதும் கண்ணெதிரே நிற்கும்.

அந்த நிலையில்தான் 1925இல் ஒரு வழக்கு அவர் மேசைக்கு வந்தது.

கார்லண்ட் அவென்யூ வீடு

டாக்டர் ஆஷியன் ஸ்வீட் கறுப்பின மருத்துவர். வெள்ளையர் வாழும் பகுதியில், கார்லண்ட் அவென்யூ முனையில், 18,500 டாலருக்கு ஒரு செங்கல் வீடு வாங்கினார். செப்டம்பர் 8 அன்று குடிவந்தார். மறுநாள் இரவு வீட்டைச் சுற்றிக் கூட்டம் கூடியது. கல் பறந்து ஜன்னல் உடைந்தது. காவலுக்கு நின்ற போலீசார் பார்த்துக்கொண்டிருந்தனர். வீட்டுக்குள்ளிருந்து துப்பாக்கி வெடித்தது. வெளியே ஒருவர் இறந்தார். ஸ்வீட், அவர் மனைவி, தம்பிகள், நண்பர்கள் எனப் பதினொரு பேர் மீது கொலை வழக்கு.

சக நீதிபதிகள் தொடத் தயங்கிய வழக்கை மர்ஃபி தாமே எடுத்துக்கொண்டார். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கம் அமர்த்திய வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ, நாடறிந்த பெயர். அரசுத் தரப்புக்கு ஒரு சிக்கல் இருந்தது: பெரிய கூட்டம் சூழ்ந்தது என்று ஒப்புக்கொண்டால் வீட்டுக்குள் இருந்தவர்கள் பயந்தது நியாயமாகிவிடும். ஆகவே சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராக 'கொஞ்சம் பேர்தான்' என்றார்கள். ஓர் இளைஞன் மட்டும் வாய் தவறினான். பெரிய கூட்டம் என்று ஆரம்பித்தான். இல்லை, அப்படிச் சொல்ல மாட்டேன் என்று விழுங்கினான். கொஞ்சம் பேர் இருந்தார்கள் என்று முடித்தான். இதை யாரிடம் பேசினாய் என்று டாரோ கேட்க, போலீஸ் அதிகாரியிடம் என்றான். பதில் சொல்ல ஆரம்பித்தபோது 'கொஞ்சம் பேர்' என்று சொல்ல மறந்துவிட்டாய், அப்படித்தானே? ஆமாம் ஐயா.

சட்டப்படி பெரிய விஷயம் இன்னொன்று. நாடெங்கும் கறுப்பினத்தவர் வீடுகளைக் கும்பல்கள் தாக்கிய வரலாற்றைச் சாட்சியமாக வைக்க மர்ஃபி அனுமதித்தார். அன்றிரவு அந்த மனிதர் மனத்தில் என்ன ஓடியது என்பதை அறியாமல் தற்காப்பை எடைபோட முடியாது என்பது அதன் தர்க்கம். முதல் விசாரணையில் முழுவதும் வெள்ளையரான ஜூரி 46 மணி நேரம் விவாதித்தும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 1926 மே மாதம் தம்பி ஹென்றி ஸ்வீட் விடுதலையானார். மற்றவர்கள் மீதான வழக்கும் பிறகு கைவிடப்பட்டது.

இதில் அரசியல் கணக்கு இல்லை என்று சொல்ல முடியாது. கறுப்பின வாக்காளர்கள் மர்ஃபியை மறக்கவில்லை, அதை அவரும் அறிவார். ஆனால் அன்றைய டெட்ராய்ட்டில் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு வலுவாக இருந்தது. ஓட்டு மட்டுமே குறியாக இருந்தவர் இந்த வழக்கிலிருந்து ஒதுங்கியிருப்பார்.

பசித்த நகரத்தின் மேயர்

1930 ஜூலையில் டெட்ராய்ட் மக்கள் தங்கள் மேயரைத் திரும்பப் பெறும் வாக்கெடுப்பில் வீட்டுக்கு அனுப்பினார்கள். செப்டம்பரில் நடந்த சிறப்புத் தேர்தலில் மர்ஃபி வென்றார். பதினைந்து லட்சத்துக்கு மேல் மக்கள் கொண்ட நகரம். முழு வாழ்வும் கார் தொழிற்சாலைகளை நம்பியது. அன்றைய பொருளாதாரப் பெருமந்தத்தில் யாரும் கார் வாங்கவில்லை. வேலை இழந்தோருக்கு அன்று மத்திய அரசு உதவி கிடையாது, வேலையின்மைக் காப்பீடு கிடையாது. அது நகராட்சியின் தலைவலி, தர்ம ஸ்தாபனங்களின் தலைவலி என்பதே வாஷிங்டனின் நிலை.

மர்ஃபி அமைத்த வேலையின்மைக் குழு, மூடிக் கிடந்த ஃபிஷர், ஸ்டுடிபேக்கர் தொழிற்சாலைக் கட்டடங்களை வீடற்றோர் தங்கும் விடுதிகளாக்கியது. காலி மனைகளில் குடும்பங்கள் காய்கறி பயிரிட நகரம் இடம் கொடுத்தது. இந்த யோசனைக்கு ஊரிலேயே முன்னோடி உண்டு: 1890களின் மந்தத்தில் மேயர் ஹேசன் பிங்ரீ காலி மனைகளில் உருளைக்கிழங்கு போடச் சொல்லி, 'உருளைக்கிழங்கு பிங்ரீ' என்று பெயரே வாங்கியவர்.

ஆனால் உருளைக்கிழங்கால் தீராத கணக்கு ஒன்று இருந்தது. ஃபோர்டின் பெரிய ஆலைகள் டியர்பார்ன், ஹைலண்ட் பார்க் என்ற தனி நகராட்சிகளில் இருந்தன. அங்கிருந்து ஆட்குறைப்பு செய்யப்பட்ட தொழிலாளர்களில் ஏராளமானோர் குடியிருந்தது டெட்ராய்ட்டில். வரி அந்த ஊருக்கு, பசி இந்த ஊருக்கு. சொத்துவரி பாக்கி ஒருபுறம் குவிய, கடன் கொடுத்த வங்கிகள் நிவாரணச் செலவை வெட்டு என்று நெருக்கின. மர்ஃபி வெட்டவும் வேண்டியிருந்தது. அந்தக் கதையில் அவரை வெற்றிவீரராகக் காட்டுவது பொய். நகரக் கஜானா அவர் காலத்திலேயே திவாலின் விளிம்புக்குப் போனது.

தனி நகரத்தால் தாங்க முடியாது என்று கண்டபின் அவர் செய்தது, நீண்ட நாள் நிலைத்த வேலை. 1932 ஜூனில் பெருநகர மேயர்களை டெட்ராய்ட்டுக்கு அழைத்துக் கூட்டினார். மத்திய அரசு பணம் தரவேண்டும் என்று ஒரே குரலில் கேட்டார்கள். அடுத்த மாதமே மாநிலங்களின் நிவாரணத்துக்கு 30 கோடி டாலர் கடனுதவி தரும் சட்டம் வந்தது; வேறு அழுத்தங்களும் அதற்குக் காரணம். 1933இல் மேயர்கள் மாநாடு நிரந்தர அமைப்பானது. முதல் தலைவர் மர்ஃபி. அந்த அமைப்பு இன்றும் இயங்குகிறது.

1932 மார்ச் 7 அன்று வேலையற்றோர் சில ஆயிரம் பேர் டெட்ராய்ட்டிலிருந்து ஃபோர்டு ஆலைக்கு ஊர்வலம் போனார்கள். டெட்ராய்ட் எல்லைக்குள் போலீஸ் தடுக்கவில்லை. ஊர்வலம் அமைதியாகவே நடந்தது. டியர்பார்ன் எல்லையைத் தாண்டியதும் கண்ணீர்ப் புகை, பிறகு துப்பாக்கிச் சூடு. நான்கு பேர் அங்கேயே இறந்தனர், ஐந்தாமவர் பின்னர் இறந்தார். ஒரே சாலை, ஒரே கூட்டம், ஒரே நாள். மாறியது கூட்டத்தின் எதிரே நின்ற போலீஸ் மட்டும். பத்தாண்டுக்குப் பின் மர்ஃபி எழுதிய தீர்ப்புகளைப் படிக்கும்போது இந்த நகர எல்லைக் கோட்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மணிலா

1933இல் அதிபர் ரூஸ்வெல்ட் அவரை அமெரிக்காவின் காலனியாக இருந்த பிலிப்பைன்ஸுக்குத் தலைமை ஆளுநராக அனுப்பினார். அந்த ஆண்டு டிசம்பரில் பெண்களுக்கு வாக்குரிமை தரும் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1935 அரசியலமைப்பு அதைப் பொதுவாக்கெடுப்புக்குத் தள்ளியது. 1937இல் நாலரை லட்சம் பெண்கள் ஆதரவாக வாக்களித்து உரிமையை உறுதி செய்தார்கள். 1935 நவம்பரில் பிலிப்பைன்ஸ் தன்னாட்சி பெற்றபோது கடைசித் தலைமை ஆளுநர் மர்ஃபிதான்.

ஃபிளின்ட்: நீதிமன்ற ஆணையை நிறுத்தி வைத்த ஆளுநர்

மர்ஃபி மிச்சிகன் ஆளுநராகப் பதவியேற்றது 1937 ஜனவரி 1. இரண்டு நாள் முன்னதாக ஃபிளின்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். வாசலில் மறியல் செய்தால் வெளியாட்களை வைத்து ஆலையை ஓட்டுவார்கள். உள்ளேயே உட்கார்ந்தால் இயந்திரத்தைத் தொட முடியாது. நம் தொழிற்சங்கங்கள் உள்ளிருப்புப் போராட்டம் என்று சொல்வது இதைத்தான்.

நிறுவனம் நீதிமன்றம் போய்த் தடையாணை பெற்றது. ஆணையிட்ட நீதிபதியிடம் ஜெனரல் மோட்டார்ஸ் பங்குகள் 3,365 இருப்பதைத் தொழிற்சங்கம் கண்டுபிடித்து வெளியிட, அந்த ஆணை செல்லாக்காசானது. ஜனவரி 11 இரவு போலீஸ் கண்ணீர்ப் புகையுடன் நுழைய முயன்றது. தொழிலாளர்கள் கார் கதவுக் கீல்களை வீசியும் தீயணைப்புக் குழாயைத் திருப்பியும் விரட்டினார்கள். துப்பாக்கிக் குண்டு பட்டுப் பலர் காயமடைந்தனர். மர்ஃபி மாநிலப் படையை அனுப்பினார். எல்லோரும் எதிர்பார்த்தது ஆலையைக் காலி செய்ய. அவர் கொடுத்த உத்தரவோ, யாரும் யாரையும் தாக்காமல் நடுவில் நிற்க.

பிப்ரவரி 2 அன்று வேறொரு நீதிபதி, பங்கு எதுவும் இல்லாதவர், வெளியேறச் சொல்லி ஆணையிட்டார். இப்போது சாக்கு இல்லை. ஆணையை நிறைவேற்றப் படை வேண்டும் என்று உள்ளூர்க் காவல் அதிகாரியான ஷெரிஃப் கேட்டார். பேச்சுவார்த்தை நடக்கிறது, பொறுங்கள் என்றார் ஆளுநர். பிப்ரவரி 11 அன்று உடன்பாடு கையெழுத்தானது. 44 நாள் போராட்டம் முடிந்தது. தொழிற்சங்கத்தை நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஒரு உயிரும் போகவில்லை.

பின்னாளில் நீதிபதியாகப் போகிறவர் நீதிமன்ற ஆணையைக் கிடப்பில் போட்டது சரியா? எதிரிகள் கேட்டது இதைத்தான், அதில் நியாயம் இல்லாமலில்லை. 1939இல் உச்ச நீதிமன்றமே ஆலையைக் கைப்பற்றி உட்கார்வது சட்டவிரோதம் என்று வேறொரு வழக்கில் சொல்லிவிட்டது. ஆணையை நிறைவேற்ற மாட்டேன் என்று மர்ஃபி அறிவிக்கவில்லை; நாள் வாங்கினார். ஆட்சி நடத்தியவர்களுக்குத்தான் தெரியும், ஆணைக்கும் அதன் அமலுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் உயிர்கள் தப்புகின்றன, போகவும் செய்கின்றன. வாக்காளர்கள் ஏற்கவில்லை. 1938 தேர்தலில் அவர் தோற்றார்.

ரூஸ்வெல்ட் கைவிடவில்லை; 1939 ஜனவரியில் அட்டர்னி ஜெனரல் ஆக்கினார். ஓராண்டுதான். அதற்குள் குடிமக்களின் அடிப்படை உரிமைப் பாதுகாப்புக்கென நீதித் துறையில் தனிப் பிரிவு தொடங்கினார். சொந்தக் கட்சியின் கான்சஸ் சிட்டி தலைவர் டாம் பெண்டர்காஸ்ட்டை வருமான வரி வழக்கில் சிறைக்கு அனுப்பினார். மார்ட்டின் மேன்டன் என்ற மேல்முறையீட்டு நீதிபதி மீது லஞ்ச வழக்குத் தொடர்ந்து தண்டனை பெற்றுத்தந்தார்; ஃபெடரல் நீதிபதி ஒருவர் லஞ்சத்துக்காகச் சிறை போனது அதுவே முதல்முறை.

உச்ச நீதிமன்றத்தில் முதல் தடுமாற்றங்கள்

1940 ஜனவரியில் செனட் ஒப்புதல் தந்தது. அமைதியான மறியல் பேச்சுரிமையின் பாற்பட்டது என்று அவ்வாண்டே அவர் எழுதிய அலபாமா மறியல் தீர்ப்பில் மிச்சிகன் ஆளுநரின் குரல் தெளிவாகக் கேட்டது. ஆனால் அதே ஆண்டு, கொடி வணக்கம் செய்ய மறுத்த யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவுக் குழந்தைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லும் என்ற எட்டுப் பேரின் தீர்ப்பில் மர்ஃபியும் ஒருவர். இரண்டு ஆண்டு கழித்து, வேறொரு வழக்கில், அது தவறு என்று இன்னும் இருவருடன் சேர்ந்து எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். 1943இல் தீர்ப்பே மாறியது. கேரளத்தில் தேசிய கீதம் பாடாத குழந்தைகள் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் 1986இல் எடுத்துப் பேசியவற்றில் இந்த அமெரிக்கத் தீர்ப்புகளும் உண்டு.

இரண்டாவது தடுமாற்றம் பெரிது. 1942 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட் பிறப்பித்த உத்தரவின் கீழ், மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அவர்கள் மீது மட்டும் விதித்த ஊரடங்கு பற்றிய ஹிராபயாஷி வழக்கில் மர்ஃபி மறுப்புத் தீர்ப்பு எழுதித் தயாராக வைத்திருந்தார். போர்க்காலத்தில் நீதிமன்றம் ஒரே குரலில் பேசவேண்டும் என்று சக நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் வற்புறுத்த, அதை உடன்பாடாக மாற்றினார். இது அரசியலமைப்பு அதிகாரத்தின் விளிம்பு என்றும், ஜெர்மனியில் யூதர்கள் நடத்தப்படுவதை நினைவூட்டுகிறது என்றும் அதில் எழுதினார். அப்படியெல்லாம் எழுதிவிட்டு ஆதரித்துக் கையெழுத்தும் போட்டார். நியமித்தவர் மீதான விசுவாசமா, போர்க்கால மனநிலையா? இரண்டும் கலந்திருக்கலாம். எதுவாயினும் அவர் வாழ்க்கையில் மிகப் பலவீனமான பக்கம் அதுவே.

கொரெமாட்சு: ஒரு மறுப்புத் தீர்ப்பு எப்படி வேலை செய்கிறது?

மறுப்புத் தீர்ப்பு என்பது சிறுபான்மை நீதிபதியின் கருத்து. அன்றைக்கு அதற்குச் சட்ட வலு இல்லை. பின்னால் வரும் நீதிமன்றத்துக்கு விட்டுச்செல்லும் கடிதம் மாதிரி.

ஃபிரெட் கொரெமாட்சு ஜப்பானிய வம்சாவளி வெல்டர்; வெளியேறும் உத்தரவுக்குக் கீழ்ப்படியாமல் கைதானவர். 1944 டிசம்பர் 18 அன்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அவர் தோற்றார். மர்ஃபி இம்முறை பின்வாங்கவில்லை. இது இனவெறியின் அருவருப்பான பாதாளத்தில் விழுவது என்று எழுதினார். எல்லோரும் மேற்கோள் காட்டும் வரி அது. ஆனால் அந்த மறுப்பின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. நகரம், காலனி, மாநிலம் என மூன்றை ஆண்ட ஒருவர், இன்னொரு அதிகாரியின் அறிக்கையை வரி வரியாகத் தணிக்கை செய்கிறார்:

1. வெளியேற்றத்துக்குக் காரணம் கூறிய மேற்குக் கரைப் படைத் தலைவர் ஜெனரல் டிவிட்டின் அறிக்கையில் ராணுவ விவரம் எங்கே? இருப்பது ஜப்பானியரின் மதம், மொழிப் பள்ளி, பழக்கவழக்கம் பற்றிய அனுமானங்கள். அவற்றில் ராணுவ அதிகாரிக்குத் தனி நிபுணத்துவம் கிடையாது; ஆகவே 'ராணுவம் சொன்னால் சரி' என்ற மரியாதையும் அவற்றுக்குக் கிடையாது.

2. அவசரம் என்கிறீர்கள். ஜப்பான் நடத்திய பெர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பின் முதல் வெளியேற்ற உத்தரவு வர ஏறக்குறைய நான்கு மாதம், கடைசி உத்தரவு வர ஏறக்குறைய எட்டு மாதம் ஆயிற்று. ராணுவச் சட்டம் அறிவிக்கப்படவில்லை. நீதிமன்றங்கள் திறந்தே இருந்தன.

3. ஒவ்வொருவரையும் விசாரிக்க நேரமில்லை என்கிறீர்கள். பிரிட்டனில் 112 விசாரணைக் குழுக்கள் ஆறு மாதத்தில் சுமார் 74,000 ஜெர்மானியரையும் ஆஸ்திரியரையும் விசாரித்தன. சுமார் 64,000 பேருக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. அடைக்கப்பட்டவர்கள் 2,000 பேர் மட்டுமே. இதை அவர் ஓர் அடிக்குறிப்பில் வைத்தார்.

4. சிலர் துரோகம் செய்திருக்கலாம் என்பது ஒரு வம்சம் முழுவதையும் தண்டிக்கக் காரணமாகாது. ஜெர்மானிய, இத்தாலிய வம்சாவளியினரை இப்படி நடத்தவில்லையே.

ராணுவத்தின் மீது வெறுப்பு கொண்டவர் எழுதியது என்று இதைத் தள்ளவும் முடியாது. 1942இல் நீதிமன்ற விடுமுறையில் காலாட்படைச் சீருடை அணிந்து ஃபோர்ட் பென்னிங்குக்குப் பயிற்சிக்குப் போனவர் அவர். அதே டிசம்பர் 18 அன்று, கறுப்பின ரயில்வே தொழிலாளர்களை ஒதுக்கிய தொழிற்சங்கத்துக்கு எதிரான வழக்கிலும் இனவெறி என்ற சொல்லைப் பயன்படுத்தினார். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் அந்தச் சொல் இடம்பெற்றது அப்போதுதான் முதல்முறை. தொழிலாளர் நண்பர் என்று பெயரெடுத்தவர் தொழிற்சங்கத்தைக் கண்டிக்கத் தயங்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

யமாஷிடா: தம் மக்களைக் கொன்ற படையின் தளபதிக்காக

ஜெனரல் யமாஷிடா பெயரை மலேயாத் தமிழ்க் குடும்பங்களில் மூத்தவர்கள் கேட்டிருப்பார்கள். 1942இல் மலேயாவையும் சிங்கப்பூரையும் பிடித்தவர். போர் முடியும்போது பிலிப்பைன்ஸில் ஜப்பானியப் படைத் தலைவர். 1945இல் மணிலாவில் நடந்த படுகொலைகள் அவர் மீது சுமத்தப்பட்டன. அமெரிக்க ராணுவ ஆணையம் தூக்குத் தண்டனை விதிக்க, மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது.

மணிலா மர்ஃபி ஆண்ட நகரம். இறந்தவர்களில் அவர் அறிந்தவர்கள் இருந்திருப்பார்கள். 1946 பிப்ரவரியில் பெரும்பான்மை தண்டனையில் தலையிட மறுத்தது. மர்ஃபியும் சக நீதிபதி ரட்லெஜும் மட்டும் மறுத்து எழுதினார்கள். யமாஷிடா கட்டளையிட்டார் என்றோ அறிந்திருந்தார் என்றோ குற்றப்பத்திரிகை சொல்லவில்லை. படையைக் கட்டுப்படுத்தத் தவறினார் என்கிறது. அவருடைய தகவல் தொடர்பை முழு மூச்சாகத் துண்டித்தது யார்? நாமேதான். துண்டித்துவிட்டு, ஏன் கட்டுப்படுத்தவில்லை என்று தூக்கில் போடுகிறோம் என்பது மர்ஃபியின் வாதம். அந்த மாதமே யமாஷிடா தூக்கிலிடப்பட்டார். 'கட்டளைப் பொறுப்பு' என்ற கோட்பாட்டைப் பற்றி எங்கு விவாதம் எழுந்தாலும், இலங்கைப் போர் பற்றிய விவாதம் உட்பட, இந்த வழக்கின் நிழல் அதில் விழுகிறது. தளபதிக்குத் தெரிந்திருந்ததா, தடுக்க முடிந்ததா என்று இன்று கேட்கிறோமே, அன்று மர்ஃபி கேட்டதும் அதைத்தான்.

இதயமா, சட்டமா?

சட்டப் பேராசிரியர்கள் மர்ஃபியை நெடுங்காலம் மதிக்கவில்லை. நீதியில் இரக்கம் கலக்க வேண்டும் என்ற ஆங்கில மரபுத் தொடரில், இரக்கத்தை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போட்டுக் கேலி செய்தார்கள். நடையில் தழுதழுப்பு உண்டு, முன்தீர்ப்புகளை அலசுவதில் பொறுமை குறைவு என்பவை உண்மைக் குறைகள். நேருக்கு நேர் சண்டையைத் தூண்டும் வசைச் சொற்களுக்குப் பாதுகாப்பில்லை என்ற 1942 சாப்ளின்ஸ்கி தீர்ப்பும் அவர் கைப்பட எழுதியதே. உரிமைக் காவலர் என்று ஒரே நிறத்தில் வரைபவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஆனால் 1949 ஜூன் மாதத்து வுல்ஃப் வழக்கைப் பாருங்கள். சட்டவிரோதமாகச் சோதனையிட்டுக் கைப்பற்றிய சாட்சியத்தை மாநில நீதிமன்றங்கள் தள்ளவேண்டிய கட்டாயம் இல்லை, போலீஸ்காரர் மீது நஷ்டஈட்டு வழக்குப் போடலாமே என்றது பெரும்பான்மை. மர்ஃபி என்ன செய்தார் தெரியுமா? பெருநகரக் காவல் துறைகளுக்குக் கடிதம் எழுதினார். சோதனை விதிகளை உங்கள் ஆட்களுக்கு எப்படிக் கற்றுத் தருகிறீர்கள் என்று கேட்டார். அத்தகைய சாட்சியத்தை நீதிமன்றம் தள்ளும் மாநிலங்களில் பயிற்சி அக்கறையாக நடந்தது. தள்ளாத இடங்களில் பல துறைகளுக்கு அது பொருட்டாகவே இல்லை. நூலகத்தில் கிடைக்காத இந்த விடையைத் தேட, காவல் துறை ஒன்றை நடத்திய முன்னாள் மேயருக்குத்தான் தோன்றும். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1961இல், நீதிமன்றம் அவர் பக்கம் வந்தது. இந்தியாவில் இன்றும் முறைகேடாகக் கைப்பற்றிய சாட்சியம் அந்த ஒரு காரணத்தால் தள்ளப்படுவதில்லை.

வுல்ஃப் தீர்ப்பு வந்து மூன்று வாரத்தில், ஜூலை 19 அன்று, டெட்ராய்ட் மருத்துவமனையில் மர்ஃபி மாரடைப்பால் இறந்தார். மணம் செய்துகொள்ளவில்லை.

கொரெமாட்சுவின் தண்டனையை 1983இல் ஒரு ஃபெடரல் மாவட்ட நீதிமன்றம் நீக்கியது. 1988இல் நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்கச் சட்டம் இயற்றியது. 2018இல் கொரெமாட்சு தீர்ப்பு பிறந்த நாளிலேயே பெரும் தவறு என்று உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி எழுதினார். எழுதியது, சில நாடுகளிலிருந்து வருவோருக்கு அதிபர் டிரம்ப் விதித்த பயணத் தடையை ஏற்ற தீர்ப்பில். அங்கே அவர் மேற்கோள் காட்டிய மறுப்பு, கொரெமாட்சு வழக்கில் மறுத்த இன்னொரு நீதிபதி ஜாக்சனுடையது, மர்ஃபியுடையது அல்ல. டெட்ராய்ட்டில் மர்ஃபி பெயர் தாங்கிய குற்றவியல் நீதிமன்றக் கட்டடத்தின் முன், உயர்ந்த தூணின் உச்சியில், ஒரு பெரிய உள்ளங்கையில் சிறிய மனிதன் ஒருவன் வானைப் பார்த்து நிற்கும் வெண்கலச் சிற்பம் நிறுவப்பட்டது. மர்ஃபியின் நினைவாக அதைச் செய்வித்தது கார் தொழிலாளர் சங்கம்.